தேய்ப்பும் தெளிபூச்சும்: மோட்டார் வண்டி உறுப்புகளுக்கு வீட்டில் வர்ணம் பூசுதல்

மழையில் நனைந்து நிற்கும் பழைய மோட்டார் வண்டி புதியதைப்போல் பளபளப்பதையும், காய்ந்தவுடன் மீண்டும் மங்கிவிடுவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள கரமனையில் இரு பருவமழைகளும் பெய்வதால் இக்காட்சிக்குக் குறைவே இல்லை. வண்டியின் வர்ணம் சில நிமிடங்களில் மாறிவிடுவதில்லை. ஒளி திரும்பி வரும் விதமே மாறுகிறது. இதனை விளங்கிக்கொண்டால், மட்கார்டு, கண்ணாடிக் கூடு, பம்பர் போன்ற உறுப்புகளுக்கு வீட்டிலேயே வர்ணம் பூசுவோர் செய்யும் பல பிழைகளைத் தவிர்க்கலாம்.

வெயிலிலும் தூசியிலும் நெடுநாள் கிடந்த பூச்சின்மேல் நுண்ணிய கீறல்கள் நிறைந்திருக்கும். அவற்றின்மீது படும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால் வர்ணம் வெளிறித் தோன்றுகிறது. நீர் அக்கீறல்களை நிரப்பி, மேலே சமமான பரப்பு ஒன்றை உண்டாக்குகிறது. வர்ணத்திலுள்ள பிசினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, நீரின் எண் 1.33, காற்றின் எண் ஏறக்குறைய 1. நீருக்கும் பிசினுக்கும் உள்ள வேற்றுமை குறைவாதலால் கீறல்கள் கண்ணுக்குத் தென்படுவதில்லை. நிறமற்ற தெளிபூச்சு, அதாவது கடைக்காரர்கள் கிளியர் என்று கூறுவது, உலர்ந்து போகாத ஒரு நீர்ப்படலம் என்றே கொள்ளலாம். வர்ணம் பூசிய தகரத் துண்டு ஒன்றை 600 எண் உப்புத்தாளால் தேய்த்து, அதன் பாதிமீது மட்டும் நீர் தடவிக் காட்டினால் மாணவர்கள் இதனை உடனே புரிந்துகொள்வர்.

ஆனால் தெளிபூச்சு எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. உலர்ந்த தெளிபூச்சின் கனம் சாதாரணமாக 50 மைக்ரான் அளவே. மனிதனின் தலைமயிரைவிட மெல்லியது. 180 எண் உப்புத்தாளின் துகள் சராசரியாக 82 மைக்ரான் பருமனுள்ளது. அத்தாள் இழைத்த கீறலை அன்று நிரப்பிவிட்டதாகத் தோன்றினாலும், கரைப்பான் மெல்ல வெளியேறுகையில் படலம் சுருங்கிக் கீறலின் உருவத்தையே மேற்கொள்கிறது. சில வாரங்களில் கோடுகள் மீண்டும் தெரிகின்றன. வர்ணம் சரியில்லை என்று பலரும் கடைக்காரரைக் குறைகூறுவது இந்நிலையில்தான். குற்றம் தேய்ப்பிலேயே உள்ளது.

ஆகவே ஒவ்வொரு தாளும் அதற்கு முந்திய தாள் விட்ட கீறலை அழிக்க வேண்டும். பட்டியைச் சமப்படுத்த 180, பிரைமருக்கு 320, நிறப்பூச்சுக்கு முன் 400, அதன்பின் 600 என்பது நல்ல வரிசை. 600 எண் தாளின் துகள் 26 மைக்ரான் அளவுடையது. இடையில் ஒன்றை விட்டுத் தாண்டுவோர் நேரத்தை மிச்சப்படுத்துவதாகவே நினைக்கின்றனர். உண்மையில் மென்மையான தாளால் ஆழமான கீறலை அழிக்க இருமடங்கு உழைக்கின்றனர். தட்டையான பரப்பில் தாளை ரப்பர்க் கட்டை ஒன்றில் சுற்றித் தேய்ப்பது அவசியம். விரல்களால் அழுத்தினால் விரலுக்கு ஒன்றாக வாய்க்கால் விழும். பளபளப்பு வந்தபிறகே அவை வெளிப்படும். பிளாஸ்டிக் பம்பருக்கு இவை மட்டும் போதா. அதில் வர்ணம் எளிதில் பற்றாதாகையால், பிளாஸ்டிக்குக்கென உள்ள தனிப் பிரைமரை முதலில் பூச வேண்டும்.

நீர்விட்டுத் தேய்க்கும் தாள், நமது பட்டறைகளில் வாட்டர் பேப்பர் எனப்படுவது, அமெரிக்காவில் 1921-இல் விற்பனைக்கு வந்தது. பிலடெல்பியாவில் மை தயாரித்து வந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர் அதனைக் கண்டறிந்தார். பளபளப்பைவிடப் பட்டறைத் தூசியைக் குறைத்ததே அதன் பெரிய நன்மையாகும். பழைய வண்டிகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வண்டி வர்ணங்கள் அவ்விதியின்கீழ் வரவில்லை. எனவே குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் உலர்ந்த தேய்ப்பு வேண்டாம். ஈரத் தேய்ப்பில் சேரும் சேற்றையும் ஓடையில் விடலாகாது. கரமனையாறு கோவளத்தின் அருகே கடலை அடைகிறது; ஓடையில் விட்டது அங்கேதான் போகும். வாளியில் தெளியவைத்து, அடியில் படிந்ததைத் துணியில் வடித்துத் தனியே அகற்ற வேண்டும்.

வெள்ளி மினுக்குள்ள நிறங்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அவற்றின் மினுக்கு, படுத்துக் கிடக்கும் அலுமினியச் செதில்களால் உண்டாவது. நிறப்பூச்சைத் தேய்த்து அப்படியே தெளிபூச்சிட்டால் செதில்கள் கலைந்த இடம் திட்டாகத் தெரியும். தூசி விழுந்திருந்தால் மெல்ல நீக்கி, மேலும் ஒருமுறை நிறம் தெளித்த பின்னரே தெளிபூச்சிட வேண்டும்.

இனி காற்றின் ஈரத்தை நோக்குவோம். கரமனையில் இதுவே பெரிய இடையூறு. தெளித்த பூச்சிலிருந்து தின்னர் ஆவியாகும்போது பரப்பின் உஷ்ணநிலை குறைகிறது. காற்று 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால் பனிநிலை 27 டிகிரியை ஒட்டியிருக்கும். பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தாலே அதன்மீது நீர் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். அதே வெப்பத்தில் ஈரப்பதம் 60 சதவீதமாயின் பனிநிலை 21 டிகிரிக்குச் சிறிதே மேல். ஆபத்து வெகுவாகக் குறைகிறது. பள்ளியில் ஈர, உலர் குமிழ் வெப்பமானி இருக்குமானால் அன்றைய நாள் ஏற்றதா என்று ஆசிரியர் சில நிமிடங்களில் கூறிவிடலாம். மழையில்லாத நாட்களில் முற்பகல் ஏற்றது. அவசரப்பட்டு நேர்வெயிலில் வைப்பதும் தவறு. மேற்புறம் முதலில் இறுகி, உள்ளே அகப்பட்ட ஆவி கொப்புளமாக வெடிக்கும்.

வெயிலைத் தாங்குவதும் தெளிபூச்சின் கடமையே. வெள்ளை நிறத்துக்கு உதவும் டைட்டானியம் டையாக்சைடு இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. கரமனைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் கொச்சுவேளியிலுள்ள திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை 1946-இல் நிறுவப்பட்டது. அங்கு தயாராகும் அனடேஸ் என்னும் படிகவகை வெயிலில் தன்னைச் சுற்றியுள்ள பிசினைச் சிதைத்துச் சுண்ணாம்புபோல் உதிரச் செய்வதால், வெளிப்புறப் பூச்சுகளுக்கு ரூட்டைல் வகையே கொள்ளப்படுகிறது. இவ்வகை சவறையில் தயாராகிறது. தெளிபூச்சில் சேர்க்கப்படும் பொருள்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி அடியிலுள்ள நிறத்தைக் காக்கின்றன.

இத்தகைய தெளிபூச்சுகளுள் மிக உறுதியானது இரு பாகங்களாக விற்கப்படும் வகை. அதன் இறுக்கியில் ஐசோசயனேட் உள்ளது. தெளிக்கும்போது எழும் நுண்துளியைச் சுவாசிப்போருக்கு ஆஸ்துமா தோன்றக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். துணி முகமூடியும் தூசி முகமூடியும் இதற்குப் பயன்படா; தொழிற்கூடங்களில் குழாய்வழி தூய காற்று அளித்தே இவ்வேலையைச் செய்விக்க வேண்டும். இறுக்கி அடங்கிய தெளிப்பு டப்பாக்களுக்கும் இவ்விதி பொருந்தும். வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் கரமனையின் அக்கிரகாரத் தெருக்களில் எழும் ஆவி பக்கத்து வீட்டாரையும் சென்றடையும். எனவே வீட்டில் இறுக்கியற்ற ஒற்றைப் பாக வகையை, திறந்த வெளியில், ஆவியை வடிக்கும் முகமூடி அணிந்து பயன்படுத்துவதே தக்கது. அதன் பளபளப்பு சிறிது குறைவே. அதை ஏற்க விரும்பாதவர் தெளிபூச்சை மட்டும் தகுந்த பட்டறையில் இடச் செய்யலாம்.

பூச்சு நன்கு இறுகியபின், டப்பாவில் குறித்துள்ள நாட்கள் கழித்து, 1500, 2000 எண் தாள்களால் நீர்விட்டு மெல்லத் தேய்த்து, பாலிஷ் கம்பவுண்டால் மெருகிட வேண்டும். தூசிமுனைகள் நீங்கியதும் நிறுத்திவிட வேண்டும். விளிம்புகளில் பூச்சு மெல்லியதாதலால் அங்குத் தேய்த்தால் அடியிலுள்ள நிறம் எளிதில் வெளிப்பட்டுவிடும். தேய்க்குமுன் விளிம்பு நெடுக ஒட்டுநாடா ஒட்டி, மெருகிடும்போது மட்டும் அதை அகற்றி, விளிம்பைக் கையால் இரண்டு முறை வருடினால் போதும்.