ரொம்ப நல்ல மாப்பிள்ளை!

'நீ ஏன் கஷ்டப்படறே? காரை நானே ஓட்டறேன்.'

'இந்த டிரெஸ் வேண்டாமே... வேற மாத்திட்டு வாயேன்.'

'அந்த ஃப்ரெண்ட் சகவாசம் உனக்கு எதுக்கு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.'

எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதா? பதறாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை. இந்த ரீதியில் பேசிப் பேசியே ஒரு பெண்ணை முடக்கிப் போட்ட ராப் டிச்னர் என்கிற ஆசாமியைச் சொல்கிறோம். இங்கிலாந்துக்காரர். ஊர் ஆம்பிரிட்ஜ் கிராமம். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அந்த ஊர் பி.பி.சி. ரேடியோவின் 'தி ஆர்ச்சர்ஸ்' நாடகத்தில் மட்டும்தான் இருக்கிறது!

1951 ஜனவரி 1-ந் தேதி நாடு முழுக்க ஒலிபரப்பாகத் தொடங்கி, இன்னும் முடியாத தொடர் அது. யுத்தத்துக்குப் பிறகு விளைச்சலைப் பெருக்க விவசாயிகளுக்கு யோசனை சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கதைக்குள் வைத்துச் சொன்னார்கள். நம்ம 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் காதலும் மாமியார் சண்டையும் சேர்த்த மாதிரி!

2013-ல் அந்த ஊருக்கு ஒரு பெரிய பால் பண்ணையின் மேனேஜராக வந்து இறங்குகிறான் ராப். ஆள் வாட்டசாட்டம், பேச்சில் சர்க்கரை. சொந்தமாகக் கடை நடத்திக்கொண்டு, குழந்தை ஹென்றியோடு தனியாக இருக்கும் ஹெலனிடம் பழகுகிறான். ஹெலனின் அம்மாவுக்கோ மாப்பிள்ளை என்றால் உயிர். 2015-ல் கல்யாணம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். காரோட்டுவது நிற்கிறது. கடைப்பக்கம் போவது குறைகிறது. தோழி தூரமாகிறாள். 'உனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு' என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தன் புத்தி மீதே சந்தேகம் வந்துவிடுகிறது. ஹென்றியை ஹாஸ்டல் பள்ளியில் தள்ளவும் ஏற்பாடு. கை நீட்டியதெல்லாம் ரொம்பப் பின்னால். முதலில் வந்ததெல்லாம் கரிசனம்தான்!

புத்தியைக் குழப்புகிற இந்த வித்தை பழசு. 1938-ல் பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'கேஸ் லைட்' நாடகத்தில் புருஷன் மாடியில் ரகசியமாக நகை தேடுவான். அவன் அங்கே விளக்கேற்றும்போது கீழே வெளிச்சம் மங்கும். மனைவி கேட்டால், 'எல்லாம் உன் பிரமை' என்பான். 1944-ல் ஹாலிவுட்டில் எடுத்த படத்தில் நடித்து இங்க்ரிட் பெர்க்மன் ஆஸ்கர் வாங்கினார். 'கேஸ்லைட்டிங்' என்ற வார்த்தையே அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் சினிமாவில் ஒரு வசதி உண்டு சார். இடைவேளைக்குள் வில்லன் யாரென்று தெரிந்துவிடும். இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ரேடியோவில் அந்தக் கதை நடக்கவில்லை. தினம் பதிமூன்று நிமிஷம் போல, வாரத்தில் ஆறு நாள், இரண்டரை வருஷத்துக்கு மேல்! இன்றைக்கு ஒரு பேச்சு, அடுத்த வாரம் இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் எதையுமே குற்றம் என்று சொல்ல முடியாது. 'அட, இதுக்குப் போயா?' என்றுதான் தோன்றும். ஹெலனுக்கும் அப்படித்தானே தோன்றியிருக்கும்! பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்ட நேயர்களும் அவள் கூடவே சேர்ந்து வலைக்குள் போனார்கள். தாங்க முடியாமல் ரேடியோவை அணைத்தவர்களும் உண்டு. அவர்கள் அணைத்துவிடலாம், ஹெலனால் முடியாதே.

பெண்களுக்காக வேலை செய்யும் 'ரெஃப்யூஜ்', 'விமன்ஸ் எய்ட்' அமைப்புகளைக் கலந்துகொண்டுதான் கதையைப் பின்னினார்கள். அதே சமயம் நிஜத்திலும் ஒன்று நடந்தது. 2015 டிசம்பர் 29 முதல், துணையை இப்படித் தொடர்ந்து ஆட்டிப்படைப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிரிமினல் குற்றம். அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில்.

2016 ஏப்ரல் 3. ஹெலன் கிளம்பத் துணிகிறாள். ராப் அவள் கையில் கத்தியைத் திணித்து, போவதற்கு ஒரே வழி சாவுதான் என்கிறான். அந்த நேரம் பார்த்து குழந்தை ஹென்றி வந்து நிற்கிறான். கத்தி ராப் மீது பாய்கிறது. அவன் பிழைத்துக்கொள்ள, நிறைமாத கர்ப்பிணி ஹெலன் கம்பி எண்ணுகிறாள்.

நேயர் ஒருவர் ஹெலன் பெயரில் 'ரெஃப்யூஜ்' அமைப்புக்காக நிதி திரட்ட ஆரம்பித்தார். ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டிக் குவிந்தது! இல்லாத பெண்ணுக்காக அழுதவர்கள், இருக்கிற பெண்களுக்காகப் பர்ஸைத் திறந்தார்கள். செப்டம்பர் 11-ந் தேதி ஒரு மணி நேர விசேஷ நாடகம், முழுக்க ஜூரிகளின் வாக்குவாதம். ஹெலன் விடுதலை என்றதும்தான் பலருக்கு மூச்சே வந்தது.

நம்ம ஊர்ச் சட்டம் இதில் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வார்த்தையால் நோகடிப்பதும், பணம் தராமல் முடக்குவதும்கூட வன்முறைக் கணக்குதான். உதவிக்கு 181 என்ற போன் நம்பரும் இருக்கிறது. இதைப் படிக்கிற அன்பர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி: உங்கள் மனைவியின் ஏ.டி.எம். கார்டு இப்போது யார் பர்ஸில் இருக்கிறது?

ராப் என்ன ஆனான் என்கிறீர்களா? 2023-ல் மூளைக் கட்டியோடு ஊர் திரும்பினான். 'மகனைக் கண்ணில் காட்டு' என்று ஹெலனைப் படுத்தி எடுத்துவிட்டுத்தான் செத்தான், புண்ணியவான்!