ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஓட்டுபவருக்கு?

ஹல்துமுல்லையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்று ஸ்கூட்டர் இல்லாத லயன் வரிசையைக் காண்பது கடினம். முன்பள்ளி ஆசிரியைகள், பண்டாரவளையில் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், தோட்ட வேலை முடிந்து மரக்கறித் தோட்டத்துக்கு ஓடும் தகப்பன்மார் என்று எல்லோருக்கும் அது தேவைப்படுகிறது. பிரதான வீதியில் பஸ் போகிறது. ஆனால் அந்த வீதிக்கு இறங்கி வருவதற்குக் குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் சில கிலோமீற்றர் நடக்க வேண்டும். அந்த நடையை மிச்சப்படுத்தத்தான் பலர் கடன்பட்டு ஸ்கூட்டர் வாங்குகிறார்கள்.

எங்கள் பகுதியில் பலருக்கு நான் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பதுண்டு. அப்போது ஒரு கேள்வியை வழக்கமாகக் கேட்பேன். "இன்சூரன்ஸ் எதற்கு எடுத்தீர்கள்?" பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பொலிஸ் பிடித்தால் காட்டுவதற்கு." இன்னும் சிலர், "அது இல்லாவிட்டால் லைசன் புதுப்பிக்க முடியாதே" என்பார்கள். இரண்டும் உண்மை. பிரதேச செயலகத்தில் ஆண்டுதோறும் வாகன வரி அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு காப்புறுதிச் சான்றிதழும் வேண்டும். ஆனால் விபத்து நடந்த பிறகு அந்தத் தாள் யாருக்கு என்ன தரும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

சட்டம் கேட்பது எதை?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், வீதியில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. இதில் முதல் தரப்பு நீங்கள், இரண்டாம் தரப்பு காப்புறுதி நிறுவனம். மூன்றாம் தரப்பு என்பது உங்கள் வாகனத்தால் பாதிக்கப்படும் வெளியாள். கொழுந்து நிறுத்துவிட்டு வீதியோரமாக நடந்து வரும் ஓர் அம்மாவை உங்கள் ஸ்கூட்டர் மோதினால், அவருடைய காயத்துக்கோ மரணத்துக்கோ நீங்கள் கொடுக்க வேண்டிய நட்டஈட்டை உங்களுக்குப் பதிலாக நிறுவனம் கொடுக்கும். சட்டம் கட்டாயப்படுத்துவது இவ்வளவைத்தான்.

உங்கள் உடைந்த கால் இதில் சேராது, நொறுங்கிய ஸ்கூட்டரும் சேராது. பின்னால் இருந்து வந்த மனைவியோ பிள்ளையோ காயப்பட்டால், அதற்கு இடமிருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் பணம் கட்டும்போதே அதைத் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் காப்புறுதியே வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் தண்டம் குறைந்தது 25,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், அது பதினெட்டு நாள் உழைப்புக்கும் மேல். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. மோதியதில் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய குடும்பம் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கும் நட்டஈடு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

பாதிக்கப்பட்டவராக நீங்கள் இருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். வழக்கைப் பற்றி எதிராளியின் காப்புறுதி நிறுவனத்துக்கும் சட்டப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். "பொலிஸில் பேசித் தீர்த்துவிட்டோம்" என்று சில ஆயிரம் ரூபாவை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு உரிமை கோருவது மிகவும் கடினமாகிவிடும்.

விழுந்தவருக்கு யார் கொடுப்பது?

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கால் முறிந்து தியத்தலாவை வைத்தியசாலைக்கோ பதுளைப் போதனா வைத்தியசாலைக்கோ போனால் கட்டிலுக்குப் பணம் கேட்கமாட்டார்கள். ஆனால் நாட்சம்பளக் குடும்பத்தை முறிப்பது வைத்தியச் செலவு மட்டும் அல்ல. வேலைக்குப் போகாத நாளுக்குப் பெயர் விழாது, பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மூன்று மாதம் படுத்தால் மூன்று மாத வருமானமும் போய்விடும். லீசிங் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

இதற்கு உதவக்கூடியது தனிநபர் விபத்துக் காப்புறுதி. ஓட்டுபவர் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ ஒரு தொகை கிடைக்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு இதைச் சேர்க்க முடியுமா, பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து எடுக்க முடியுமா, மேலதிகமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலானோர் கேட்பதில்லை, விற்பவரும் தாமாகச் சொல்வதில்லை.

இந்தியாவில் இதைச் சட்டமே கவனித்துக்கொண்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு வைத்தியர் எஸ். ராஜசேகரன் வீதிப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் விளைவாக, 2018 செப்டெம்பர் முதல் புதிய இருசக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்து ஆண்டுகளுக்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதியை எடுக்க வேண்டும் என்றானது. அதே காலத்தில், வாகனத்தை ஓட்டும் உரிமையாளருக்கான கட்டாய விபத்துக் காப்புறுதித் தொகையும் 15 இலட்சம் இந்திய ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதாவது, ஓட்டுபவரும் காப்பாற்றப்பட வேண்டியவர் என்பதை அங்கே சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம் வெளியாளோடு நின்றுவிடுகிறது. மலையகத்துப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

எல் போர்டும் ஏ1 லைசனும்

புதிதாகப் பழகுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பை. 100 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, அதற்கு மேற்பட்டதற்கு ஏ. டீ.வீ.எஸ். ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சிசி, அதற்கு ஏ1 போதும். ஆனால் எங்கள் வீதிகளில் அதிகம் காணும் ஹொண்டா டியோ ஏறக்குறைய 109 சிசி, என்டோர்க் ஏறக்குறைய 125 சிசி. இரண்டுக்கும் ஏ வகுப்பு வேண்டும். பார்வைக்கு எல்லாம் "ஸ்கூட்டி"தான். ஏ1 மட்டும் வைத்திருக்கும் தங்கை அண்ணனின் டியோவை எடுத்துப்போய் விபத்துக்குள்ளானால், அந்த வகுப்பு வாகனத்துக்கு அனுமதி இல்லாதவர் ஓட்டினார் என்று கூறி நிறுவனம் கோரிக்கையை மறுக்க இடமுண்டு.

எல் போர்ட் போட்டுப் பழகுபவருக்கும் இதே கவனம் தேவை. பயிலுநர் அனுமதிப்பத்திரம் கையில் இருக்க வேண்டும், அது காலாவதியாகியிருக்கக் கூடாது. காப்புறுதிச் சான்றிதழில் "யார் ஓட்டலாம்" என்று ஒரு பகுதி இருக்கும். பயிலுநரும் அதில் அடங்குகிறாரா என்று பாருங்கள். அடங்கினாலும், அனுபவம் குறைந்தவர் ஓட்டி விபத்து நடந்தால் சேதத்தில் கூடுதலான ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லக்கூடும். 'எக்செஸ்' என்று அவர்கள் சொல்வது இந்தப் பங்கைத்தான்.

லீசிங் ஸ்கூட்டரும் முழுக் காப்புறுதியும்

லீசிங்கில் எடுத்த ஸ்கூட்டருக்கு முழுமையான காப்புறுதியை நிதி நிறுவனமே கட்டாயமாக்கும். இதில் உங்கள் வாகனத்தின் சேதம், களவு, தீ ஆகியவையும் அடங்கும். ஆனால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிதி நிறுவனம், நீங்கள் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் மட்டுமே. ஸ்கூட்டர் களவு போனால் காப்புறுதிப் பணம் முதலில் அவர்களின் மீதிக் கடனுக்குப் போகும். மிஞ்சினால்தான் உங்களுக்கு.

இன்னொரு பொறி, காப்புறுதி செய்யும் பெறுமதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஸ்கூட்டர்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டி ஏறியது. கட்டுப்பணம் கூடிவிடும் என்று பலர் பழைய பெறுமதியையே எழுதி வந்தார்கள். இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். சந்தையில் 6 இலட்சம் பெறுமதியான ஸ்கூட்டரை 3 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், விபத்தில் 80,000 ரூபா சேதம். குறைவாகக் காப்புறுதி செய்தால் விகிதப்படி குறைக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், கிடைப்பது பாதி, 40,000 ரூபா. அதிலும் எக்செஸ் கழியும். பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதியது போட்டால் தேய்மானத்துக்கு இன்னொரு கழிவும் வரலாம்.

ஒரு கீறலுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் கோரிக்கை வைக்காமல் இருந்தால், அடுத்த ஆண்டுக் கட்டுப்பணத்தில் சலுகை கிடைக்கும். சிறிய சேதமென்றால் சலுகை இலாபமா, கோரிக்கை இலாபமா என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

"ஓபன் பேப்பர்" என்னும் பழக்கம்

தோட்டப் பகுதிகளில் கைமாறும் ஸ்கூட்டர்களில் பல, பெயர் மாற்றாமல் "ஓபன் பேப்பரில்" விற்கப்படுபவை. முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி மூன்று நான்கு பேரைக் கடந்துவிடும். உரிமை மாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தப் போய்ப் பலர் காப்புறுதியின் அடிப்படையையே இழக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி வாங்கிய ஸ்கூட்டருக்கு முதல் உரிமையாளரின் பெயரிலேயே முழுக் காப்புறுதியையும் புதுப்பித்து வந்தது. வண்டி களவு போனபோது, கோரிக்கையில் பெயர் உள்ளவர் கையெழுத்திட வேண்டும் என்றது நிறுவனம். அவர் வெளிநாட்டில். இவர்கள் கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு இருந்தது, ஆனால் வண்டி தங்களுடையது என்று காட்ட ஒரு தாளும் இருக்கவில்லை. வெற்றுப் படிவத்தில் விற்றவருக்கும் இதில் ஆபத்துண்டு. அந்த வண்டி யாரையாவது மோதினால், பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவில் பெயர் உள்ள வீட்டைத்தான்.

தாத்தா காலத்து வெஸ்பா

ஊவாவில் ஆங்காங்கே பழைய வெஸ்பாக்களும் லாம்பிரெட்டாக்களும் பஜாஜ் சேட்டக்குகளும் இன்னும் ஓடுகின்றன. சிலவற்றில் ஸ்ரீ எழுத்து இலக்கத்தகடே இருக்கிறது. தோட்டத்து உத்தியோகத்தரோ ஆசிரியரோ வைத்திருந்ததைப் பேரன் புதுப்பித்து ஓட்டுவான். இவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுப்பது சிரமமில்லை. முழுக் காப்புறுதி கேட்டால் நிறுவனங்கள் வண்டியின் வயதைப் பார்த்துத் தயங்கும்.

அப்படியே எடுத்தாலும், புதுப்பிக்கச் செலவழித்த பணத்தை நிறுவனம் தானாக ஏற்றுக்கொள்ளாது. மதிப்பீட்டாளரின் அறிக்கை, படங்கள், உதிரிப்பாகப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைக் கொடுத்து, பெறுமதியை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். என்ஜின் மாற்றியிருந்தால் புதிய இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். புத்தகத்தில் ஓர் இலக்கமும் வண்டியில் இன்னோர் இலக்கமுமாக இருந்தால், எந்தக் கோரிக்கையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மண்சரிவும் மொழியும்

ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் கொஸ்லந்தை மீரியபெத்தையும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன்களை மண் மூடிய அந்த இடத்தை யாரும் மறக்கவில்லை. இந்த மலைச்சரிவில் வாழ்பவர்கள் முழுக் காப்புறுதி எடுக்கும்போது, வெள்ளம், மண்சரிவு, மரம் முறிந்து விழுதல் ஆகியவை அடங்குமா என்று கேட்பது அவசியம். இயற்கை அனர்த்தம், கலவரம் போன்றவை மேலதிகக் கட்டணத்துடன் சேர்க்க வேண்டிய பிரிவுகளாக இருக்கக்கூடும். "ஃபுல் இன்சூரன்ஸ்" என்ற பெயரை நம்பி, எல்லாம் அடங்கும் என்று இருந்துவிடக் கூடாது.

இதையெல்லாம் வாசித்து அறிய ஒப்பந்தம் விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். ஹல்துமுல்லை இருமொழி நிருவாகப் பிரிவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பிரதேச செயலகத்தில் தமிழில் சேவை கேட்பது எங்கள் உரிமை. ஆனால் தனியார் நிறுவனத்தின் முகவர் நீட்டும் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் இருக்கும். வாசிக்காமல் கையெழுத்திட்டாலும் அதில் எழுதியிருப்பதெல்லாம் நாங்கள் சொன்னதாகவே கொள்ளப்படும். தனிப்பட்ட பாவனைக்கு என்று முகவர் எழுதிய ஸ்கூட்டரில் நீங்கள் பால் விநியோகம் செய்தால், அந்த வரியே பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். தமிழில் விளக்கும்படி கேளுங்கள். அதற்கு மறுத்தால், வேறு நிறுவனங்கள் இருக்கின்றன.

விபத்து நடந்தால்

காயப்பட்டவரை முதலில் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். சான்றிதழில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாகனங்களை நகர்த்துமுன் படம் எடுங்கள். நிறுவனத்தைக் கேட்காமல் "தவறு என்னுடையது, பணம் தருகிறேன்" என்று எதிலும் கையெழுத்திட வேண்டாம். நிறுவனத்தின் ஆள் வந்து பார்க்குமுன் ஸ்கூட்டரைத் திருத்தவும் வேண்டாம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்திடமே மேன்முறையீடு செய்யுங்கள். அது சரிவராவிட்டால், காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். எழுத்தில் இல்லாத முறைப்பாடு அங்கே செல்லாது என்பதால், ஒவ்வொரு தாளின் பிரதியையும் வைத்திருங்கள்.

இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சீட்டுக்கு அடியில் இருக்கும் சான்றிதழை எடுத்து நான்கு விடயங்களைப் பாருங்கள்: அதில் யாருடைய பெயர் இருக்கிறது, அது எப்போது முடிகிறது, யார் ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறது, உங்களுக்கு விபத்து நேர்ந்தால் வீட்டுக்கு ஏதாவது கிடைக்குமா. நான்காவதற்கு "இல்லை" என்பது பதிலானால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது முகவரிடம் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.