சரக்கில்லாச் சந்தை

கையடக்கத் தொலைபேசி வாங்கச் செல்வோர் அதன் அழகையும் விலையையும், படமெடுக்கும் திறனையும் துருவித் துருவி விசாரிப்பதை நாம் காண்கிறோம். உள்ளிருந்து அதனை ஆட்டிவைக்கும் இயங்குதளம் யாது, அதற்குச் செயலி எழுதுவோர் உளரோ என்று கேட்பவர் அரியர். கேளாது வாங்கினோர் பட்ட பாட்டுக்கு விண்டோஸ் போனின் வரலாறே சான்று.

2007ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்தபோது, வெளியார் எழுதிய செயலிகளுக்கு அதில் கடை இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் அப்பிள் நிறுவனம் ஏறத்தாழ 500 செயலிகளுடன் கடையைத் திறந்தது. விற்ற பணத்தில் நூற்றுக்கு 70 எழுதியவருக்கு, 30 கடைக்காரருக்கு என்பது ஏற்பாடு. அவ்வாண்டு முடியுமுன் கூகிளின் அன்ட்ரொயிட்டும் கடை விரித்தது. மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் போன் 7 வந்து சேர்ந்ததோ 2010இன் பிற்பகுதியில்.

பொருள் மட்டமானதன்று. ஓடு பதித்தாற் போன்ற அதன் முகப்பு நம் கண்ணுக்கு மற்றிரண்டிலும் நேர்த்தியாகவே தோன்றுகிறது. 2011 பெப்ரவரியில் பின்லாந்தின் நொக்கியாவும் கைகோத்தது. ஆயினும் செயலி எழுதுவோரின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஐபோனுக்கு ஒப்ஜெக்டிவ் சி, அன்ட்ரொயிட்டுக்கு ஜாவா, விண்டோஸ் போனுக்கு சி ஷார்ப் என நிரல்மொழியே வேறு வேறு. ஒரே செயலியை மூன்றாம் முறையும் எழுத ஆளும் நாளும் பணமும் வேண்டும், வாங்குவோரோ சிலர். செயலி இல்லையென்று வாடிக்கையாளர் வரவில்லை. வாடிக்கையாளர் இல்லையென்று எழுதுவோர் வரவில்லை.

2013இல் மைக்ரோசொஃப்ட், அமெரிக்காவில் செயலி ஒன்றுக்கு 100 டொலர் தருவதாக அறிவித்தது. நூறு டொலருக்கு எத்தகைய செயலி கிடைக்கும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ? யூடியூப் செயலியை அந்நிறுவனம் தானே ஆக்கியது. விளம்பரம் காட்டவில்லை என்பது முதலான காரணங்களைக் கூறிக் கூகிள் அதனைத் தடுத்தது. 2010இலேயே ஐபோனுக்கு வந்த இன்ஸ்டாகிராம், இங்கே எட்டிப் பார்த்தது 2013 நவம்பரிலே. ஸ்னாப்சாட் வரவேயில்லை.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 2012 ஏப்ரலில் அமெரிக்காவில் ஆரவாரத்துடன் விற்பனைக்கு வந்தது லூமியா 900. அதனை ஆசையுடன் வாங்கியவர்கள், புதிய விண்டோஸ் போன் 8ஐத் தம் கருவியில் ஏற்ற இயலாதென்பதை ஜூன் மாதத்திலேயே அறிந்தனர். நம்பி வந்த சிலரையும் இவ்வாறு வாசலில் நிறுத்திய பின் புதியவர் எங்ஙனம் வருவர்?

2014இல் நொக்கியாவின் தொலைபேசித் தொழிலை மைக்ரோசொஃப்ட் வாங்கியது. மறு ஆண்டே 760 கோடி டொலரை நட்டக்கணக்கில் எழுதி, 7,800 பேர் வரை வேலை இழப்பர் என அறிவித்தது. 2019 டிசம்பர் 31உடன் வட்ஸ்அப் செயலியும் அத்தொலைபேசிகளுக்கு விடை கொடுத்தது. அதற்கு முன்பே, அன்ட்ரொயிட்டுக்கோ ஐபோனுக்கோ மாறிக்கொள்ளுமாறு தன் வாடிக்கையாளருக்கு மைக்ரோசொஃப்டே ஆலோசனை கூறியிருந்தது. அவ்விரு கடைகளிலும் அந்நிறுவனத்தின் வேர்ட், எக்செல் செயலிகள் இன்று தாராளமாய்க் கிடைக்கின்றன.