தளர்ந்த கைப்பேசிக்குப் புத்துயிர்

வைகறையில் எழுந்து, பிரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து, நிரையில் இறங்கி மரம் சீவும் நம் தோட்டப் பாட்டாளிகளுக்குக் கைப்பேசி இன்று ஆடம்பரப் பொருளன்று. சம்பளப் பணம் வங்கிக்கு வந்து சேர்ந்ததா என்பதை அறிவதற்கும், ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதற்கும், பள்ளியிலிருந்து ஆசிரியர் அனுப்பும் அறிவிப்பைப் படிப்பதற்கும், வெளியூரில் வேலை பார்க்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் அதுவே துணை. அத்தகைய துணை, விரலால் தொட்ட பின்பும் ஒரு வெற்றிலை மடித்துப் போடும் நேரம்வரை அசையாமல் நின்றால், எவருக்கும் பொறுமை குலைவது இயல்பே.

அண்மையில் தோட்டமொன்றுக்கு நாம் சென்றிருந்தபொழுது, மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் தம் ஆண்ட்ராய்டு கைப்பேசியை நம் கையிற் கொடுத்து, “ஐயா, இதற்கு வயதாகிவிட்டது. அடுத்த சம்பளத்தில் தவணைக்குப் புதிது எடுக்கப் போகிறேன்,” என்றார். திறந்து பார்த்தோம். 32 ஜிகாபைட் கொள்ளளவில் எஞ்சியிருந்த இடம் 1 ஜிகாபைட்டுக்கும் குறைவு. நிரம்பியிருந்தவற்றுட் பெரும்பகுதி, ‘காலை வணக்கம்’ சொல்லும் பூப்படங்களும், பலர் கைமாறி வந்த காணொளிகளுமே.

“இவற்றை அழித்துவிடலாமே?” என்றோம். பெரியவர் தயங்கினார். மறைந்துபோன தம் துணைவியார் வாட்ஸ்அப் வழி அனுப்பிய குரற்பதிவு ஒன்று அதற்குள் எங்கோ இருப்பதாகவும், எதையேனும் அழிக்கப்போய் அதுவும் போய்விடுமோ என்றஞ்சி எதையுமே தொடாமல் விட்டதாகவும் கூறினார்.

இந்த அச்சம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம்மிற் பலர் இதே காரணத்தால் கைப்பேசியை அடைத்து வைத்துவிட்டு, பின்னர் சில நூறு வெள்ளியைப் புதியதற்குக் கொடுக்கின்றோம். ஆதலின், எதைக் காக்க வேண்டும், எதைக் களைய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பவற்றை இங்கு ஒழுங்காக விளக்குவோம்.

தளர்ச்சி கைப்பேசியிலா, இணைப்பிலா?

மருந்து கொடுக்குமுன் நோயை அறிதல் வேண்டும். இணைய இணைப்பை நிறுத்திவிட்டு, கைப்பேசியிலுள்ள படத்தொகுப்பையும் படக்கருவியையும் திறந்து பாருங்கள். அவையும் தயங்கித் தயங்கித் திறக்குமாயின், தளர்ச்சி கைப்பேசியிலேயே உள்ளது. அவை விரைவாகத் திறந்து, காணொளியும் செய்தியும் மட்டும் தாமதமாக வருமாயின், குறை அலைவரிசையில் உள்ளது. அதற்காகக் கைப்பேசியைத் துப்புரவு செய்வதாற் பயனில்லை.

நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுக்கு வந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 4ஜி வசதியற்ற மிகப் பழைய கைப்பேசி, அதன்பின் மெதுவான 2ஜி அலையையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. அத்தகைய கைப்பேசிக்கு எத்துணைப் பராமரிப்புச் செய்தாலும் இணைய வேகம் கூடாது.

மேசையும் அலமாரியும்

கைப்பேசியில் இருவகை இடங்கள் உள்ளன. ஒன்று, ‘ரேம்’ எனப்படும் தற்காலிக நினைவகம். மற்றொன்று, படங்களும் செயலிகளும் நிலையாகத் தங்கும் சேமிப்பகம். பள்ளி மாணவனின் மேசையையும் புத்தக அலமாரியையும் இவற்றுக்கு உவமையாகக் கூறலாம். அப்பொழுது படிக்கும் பாடநூல் மேசைமீது இருக்கும்; ஏனையவை அலமாரியில் இருக்கும். மேசை சிறியதானால் நூல்களை அடிக்கடி எடுத்து வைத்து மாற்ற வேண்டும். அலமாரியில் இடமே இல்லையானால், ஒரு நூலைச் செருகுவதற்குப் பத்து நூலை நகர்த்த வேண்டும்.

சேமிப்பகத்தில் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. அங்குப் புதிய தகவலை எழுதுவதற்குமுன் பழையது அழிக்கப்பட்டாக வேண்டும். அழித்தலோ தனித்தனியாக அன்றி, பெருந்தொகுதியாகவே நடைபெறும். வெற்றிடம் இல்லாதபொழுது, வேண்டிய தகவலை வேறிடத்திற்கு மாற்றி, தொகுதியை அழித்து, மீண்டும் எழுதும் வேலை கைப்பேசிக்கு ஏற்படுகின்றது. அந்நேரம் நமக்குத் தாமதமாகத் தெரிகின்றது. ஆகவே, மொத்தக் கொள்ளளவிற் பத்தில் ஒரு பங்கேனும் எப்பொழுதும் காலியாக இருக்க வேண்டும். 32 ஜிகாபைட் கைப்பேசியில் 3 அல்லது 4 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சியுள்ள இடத்தை அறிய, ‘செட்டிங்ஸ்’ பகுதியுள் ‘ஸ்டோரேஜ்’ என்பதைத் திறக்க வேண்டும். கைப்பேசியை மலாய் மொழியில் வைத்திருப்போர்க்கு அவை ‘தெத்தாப்பான்’, ‘ஸ்தோரான்’ எனத் தோன்றும்.

முதலிற் காத்தல், பின்னர்க் களைதல்

அழிக்கும் வேலையை ஒருபொழுதும் முதல் வேலையாகச் செய்யலாகாது. திருமணப் படம், குழந்தையின் முதல் நடை, மறைந்தோரின் குரல், அடையாள ஆவணங்களின் படம் ஆகியவற்றை முதலிற் பிரித்தெடுங்கள். அவற்றை நினைவக அட்டையிலோ, கணினியிலோ, கூகுள் கணக்கிலோ படியெடுத்து வையுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிகாபைட் வரை கட்டணமின்றி வைக்கலாம். குரற்பதிவை மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்தால், அது இரண்டாவது கைப்பேசியிலும் தங்கிவிடும். அனுப்பியது ஒழுங்காகத் திறக்கின்றதா, கேட்கின்றதா என்று சரிபார்த்த பின்னரே அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும்.

இனிக் களைதல். நம்மவர் கைப்பேசிகளில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பே. அதன் அமைப்புப் பகுதியில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ என்பதைத் திறந்து, ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்பதைத் தொட்டால், 5 மெகாபைட்டுக்கு மேற்பட்டவையும் பலமுறை கைமாறி வந்தவையும் தனியே வரிசைப்படுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். வேண்டாதவற்றைத் தேர்ந்து அழிக்கலாம். அதே பகுதியில், படமும் காணொளியும் தாமாகவே இறங்குவதை நிறுத்தி வைக்கவும் இயலும். அதன்பின் நாம் தொட்டால் மட்டுமே அவை இறங்கும். இதனால் இடமும் மிஞ்சும். இணையத் தரவுக்கு நாம் கட்டும் பணமும் மிஞ்சும்.

படத்தொகுப்பில் அழித்தவை பெரும்பாலான கைப்பேசிகளில் உடனே மறைவதில்லை. சில நாட்கள் ‘குப்பைத் தொட்டி’யில் தங்கும். தவறி அழித்ததை மீட்க இது உதவும். எனினும், தொட்டியைக் காலி செய்யும்வரை இடம் கிடைக்காது என்பதை மறத்தலாகாது.

கேஷ் வேறு, டேட்டா வேறு

மரத்தின் வெட்டுக் கோட்டில் முந்திய நாள் பால் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்தெடுத்த பின்னரே நாம் அடுத்த வெட்டை வெட்டுகின்றோம். ஒவ்வொரு செயலியிலும் அவ்வாறு ஒட்டிக்கொள்ளும் மிச்சம் உண்டு. அதற்குக் ‘கேஷ்’ என்று பெயர். முன்பு பார்த்த படத்தை மீண்டும் விரைவாகக் காட்டுவதற்காகச் செயலி தானே சேர்த்து வைப்பது அது. அளவோடிருந்தால் நன்மையே, அடைத்துக்கொண்டால் நீக்கலாம். செயலிகளின் பட்டியலில் உரிய பெயரைத் தொட்டு, ‘கிளியர் கேஷ்’ என்பதைத் தேர்ந்தால் போதும். முகநூல், யூடியூப், இணைய உலாவி ஆகியவற்றில் இது மிகுதியாகச் சேரும்.

அதன் அருகிலேயே ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்றொரு பொத்தான் இருக்கும். அதைத் தொடலாகாது. கேஷை நீக்குவது ஒட்டிய பாலை உரிப்பது போன்றது. டேட்டாவை நீக்குவது பட்டையையே உரிப்பது போன்றது. வாட்ஸ்அப்பில் அதைச் செய்தால் உரையாடல்கள் கைப்பேசியிலிருந்து நீங்கிவிடும். வங்கிச் செயலியிற் செய்தால் மீண்டும் பதிவு செய்ய நேரிடும். 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த பாதுகாப்பு நடவடிக்கைகளின்படி, புதிதாகப் பதிவு செய்வோர்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. சம்பள நாளன்று இவ்வாறு நேர்ந்தால் எத்துணை இடர்ப்பாடு என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேண்டாத செயலிகள்

சென்ற இரண்டு மூன்று மாதங்களில் ஒருமுறையேனும் திறக்காத செயலி எதற்கு? அதனை நீக்கிவிடலாம். கைப்பேசியோடு வந்த சிலவற்றை நீக்க இயலாது. ஆனால் ‘டிசேபிள்’ என்பதைத் தேர்ந்து உறங்க வைக்கலாம். பெயரும் பயனும் அறியாதவற்றின்மீது மட்டும் கை வைக்காதீர்கள். ரேம் 2 அல்லது 3 ஜிகாபைட் மட்டுமே உள்ளவர்கள், முகநூலுக்குப் பதிலாக அதன் எளிய வடிவமான ‘முகநூல் லைட்’ செயலியைப் பயன்படுத்துதல் நலம்.

சிலர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் உள்ள எல்லாச் செயலிகளையும் விரலால் தள்ளி மூடுவார்கள். இதனால் வேகம் கூடுவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை ஆண்ட்ராய்டு தானே முடிவு செய்கின்றது. மூடிய செயலியை மீண்டும் திறக்கும்பொழுது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால், தாமதமும் மின்செலவுமே மிகுதியாகும். அதற்குப் பதிலாக, வாரம் ஒருமுறை கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். தடைப்பட்டு நிற்கும் செயலிகள் அப்பொழுது நின்று, ரேம் புதிதாகத் தொடங்கும்.

வெயிலும் வேகமும்

கைப்பேசி சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் கூடையில் வெயில்பட வைப்பது, தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றுவது, மின்னேறும்பொழுதே பிள்ளைகள் விளையாடுவது ஆகிய யாவும் இதற்குக் காரணமாகும். தொடர்ந்த வெப்பம் மின்கலத்தின் ஆயுளையும் குறைக்கும். நிரையில் மழைக்கும் பாலுக்கும் அஞ்சிப் பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றி வைப்போர், வேலை முடிந்ததும் அதனை வெளியே எடுத்து நிழலில் ஆற விடுதல் வேண்டும்.

‘வேகமூட்டி’ எனும் வலை

கைப்பேசியை ஒரே தொடுதலில் விரைவாக்குவதாகக் கூறும் செயலிகள் பல உள்ளன. மரத்துக்கு மருந்தை மிகையாகத் தடவினால் சில நாள் பால் பெருகி, பின்னர்ப் பட்டை வறண்டுபோவதை நாம் கண்டிருக்கின்றோம். இச்செயலிகள் அந்தச் சில நாள் பயனைக்கூடத் தருவதில்லை. பலவும் விளம்பரத்தைக் காட்டிக்கொண்டு, தாமே இடத்தையும் ரேமையும் பிடித்துக்கொள்கின்றன.

இவற்றினும் கொடியது ‘ஏபிகே’ எனும் கோப்பு. திருமண அழைப்பிதழ் போன்றும், பரிசு அறிவிப்புப் போன்றும் வேடமிட்டு இது வாட்ஸ்அப்பில் வந்து சேர்கின்றது. அதனை நிறுவினால், நமக்கு வரும் குறுஞ்செய்திகளையும் வங்கிக் கடவெண்ணையும் பிறர் கவர்ந்துகொள்ள வழி பிறக்கும். எச்செயலியாயினும் ‘பிளே ஸ்டோர்’ வழியாக மட்டுமே பெறுதல் வேண்டும். ‘விரைவாக்கித் தருகின்றேன்’ என்று தொலைபேசியில் அழைத்து ஒரு செயலியை நிறுவச் சொல்பவரை நம்பவே வேண்டாம். பணம் பறிபோனதாக அறிந்தால், உடனே தம் வங்கிக்கோ, 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எனும் எண்ணுக்கோ அழைக்க வேண்டும். இதில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியுடையது.

இறுதி வழி

மேற்கூறிய யாவும் செய்தும் பயனில்லையாயின், கைப்பேசியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே மீட்டமைக்கலாம். இது எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஆகவே படங்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும் படியெடுக்கப்பட்டுள்ளனவா என்றும், கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் உள்ளதா என்றும் இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால், துடைத்த பின்னர்க் கைப்பேசி நம்மையே அயலாரெனக் கருதி உள்ளே விடாது.

எப்பொழுது புதிது வாங்கலாம்? மின்கலம் உப்பியிருந்தால், அது தீப்பற்றக்கூடும். மின்னேற்றுவதை நிறுத்தி உடனே கடையிற் காட்ட வேண்டும். மின்கலத்தை மாற்றுவதற்கே பெருந்தொகை கேட்டால், புதிது வாங்குவது தகும். அவசியச் செயலிகள் கைவிட்ட பழைய ஆண்ட்ராய்டு பதிப்பாயினும் அவ்வாறே. சான்றாக, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாட்ஸ்அப் தன் சேவையை ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் நிறுத்திக்கொண்டது. இத்தகைய காரணங்கள் இல்லாதவர்கள் தவணைக் கடையின் படியேறுமுன் ஒரு மாலைப்பொழுதைத் துப்புரவுக்குச் செலவிடுதல் அறிவுடைமையாகும்.

மேலே சொன்ன பெரியவரிடம் நாம் செய்ததும் இதுவே. முதலில் அக்குரற்பதிவைத் தேடியெடுத்து, அவருடைய மகளின் கைப்பேசிக்கு அனுப்பினோம். நினைவக அட்டையிலும் ஒரு படி வைத்தோம். அதன் பின்னரே பூப்படங்களைக் களைந்தோம். 9 ஜிகாபைட் இடம் கிடைத்தது. கைப்பேசி புதியது போல் ஆகிவிடவில்லை; ஆயினும் தொட்டவுடன் திறந்தது. பெரியவர் வேறெதையும் சோதித்துப் பார்க்கவில்லை. அப்பதிவைத்தான் தொட்டார். பள்ளி முடிந்து வரும் பேத்திக்குக் குடை கொண்டு செல்லுமாறு நினைவூட்டும் குரல் அது. ஒருமுறை கேட்டுவிட்டு, “தவணைப் பணத்தைப் பேத்தியின் பள்ளிச் செலவுக்கு வைத்துக்கொள்கிறேன், ஐயா,” என்றார்.

பால் குறைந்ததென்று எவரும் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. காரணத்தை ஆராய்ந்து, பட்டையைப் பேணி, மீண்டும் பால் காண்பதே நம் தொழில் நமக்குக் கற்றுத்தந்த பாடம். அப்பாடத்தை நம் கையிலுள்ள கருவிக்கும் பொருத்துவோமாக.