தடித்த சுவரும் தளரும் அலையும்

தமிழ்த்துறை மலருக்கு ஓர் இயற்பியல் ஆசிரியனிடம் கட்டுரை கேட்டபோது சற்றுத் தயங்கினேன். ஆயினும் நம் மாணவ மாணவியரின் படிப்பையே தொட்டு நிற்கும் ஒரு செய்தியை எளிய தமிழில் எடுத்துரைக்க இது தக்க வாய்ப்பு என்று எண்ணியே எழுத முற்பட்டேன்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் செட்டிநாட்டுச் சிற்றூர்களிலும் உள்ள பழைய வீடுகளுக்குள் நுழைந்தவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பர். வெளியே வெயில் வறுத்தெடுத்தாலும் உள்ளே குளிர்ச்சி நிலவும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய பருமனான சுவர்களே அதற்குக் காரணம். நடை, கூடம், முற்றம், உள்ளறைகள், அடுக்களை, கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும் இவ்வீடுகளைக் கட்டியவர்கள் வெப்பத்தை வெல்ல நினைத்தார்களேயன்றி வானொலி அலையை நினைக்கவில்லை. கம்பியில்லா இணையத்திற்கான முதல் தரநிலையே 1997ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் யாவும் கைப்பேசிக்குள் குடியேறின. என் மாணவி ஒருத்தியின் குரல் பாதியில் அறுந்து அறுந்து வரும். "ஏனம்மா, உள்ளே சென்று அமைதியாக அமர்ந்து பேசக் கூடாதா?" என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன். "உள்ளே போனால் இதுவும் வராது ஐயா" என்றாள். பின்னொரு நாள் அவ்வீட்டிற்குச் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. இணையக் கம்பி கொண்டுவந்தவர்கள் தெருப்பக்க அறையிலேயே ரவுட்டர் பெட்டியைப் பொருத்திச் சென்றுவிட்டனர். அங்கே ஆடவர் அமர்ந்து செய்தி பார்த்தனர். பெண்கள் புழங்கும் பின்கட்டுக்கு நான்கு சுவர்களைத் தாண்டி எதுவும் சென்று சேரவில்லை. வெளிநாட்டிலிருந்து அழைக்கும் மகனின் முகம் காண அவ்வீட்டு மூதாட்டியார் ஒவ்வொரு முறையும் நடை வரை வரவேண்டியிருந்தது. ஒரே வீட்டில் முன்கட்டுக்கு ஒரு நூற்றாண்டும் பின்கட்டுக்கு வேறொரு நூற்றாண்டுமாக இருந்தது.

இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். வைஃபை என்பது மின்காந்த அலை. 1895ஆம் ஆண்டு கொல்கத்தா நகர மன்றத்தில் ஜகதீச சந்திர போசு, இவ்வினத்தைச் சேர்ந்த அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, அங்கிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அன்று கடந்த சுவரை இன்று கடக்க முடியாதா என்று வினவலாம். மணியை ஒரு முறை ஒலிக்கச் செய்ய அலையின் ஒரு துளி போதும். ஆசிரியரின் முகத்தையும் குரலையும் இடையறாது கொண்டுவர அத்துளி போதாது.

சுவர் அலையை முற்றிலும் நிறுத்துவதில்லை, பங்கு கேட்கிறது. ஒரு சுவர் பத்தில் ஒரு பங்கை மட்டும் விடுவதாகக் கொள்வோம். இரண்டாம் சுவருக்குப் பின் நூற்றில் ஒரு பங்கும், மூன்றாம் சுவருக்குப் பின் ஆயிரத்தில் ஒரு பங்கும், நான்காம் சுவருக்குப் பின் பத்தாயிரத்தில் ஒரு பங்குமே எஞ்சும். இழப்பு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக நிகழ்கிறது என்பதே இங்கு அறியத்தக்கது. திறந்த வெளியிலும் தொலைவு இருமடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகக் குறையும். எனினும் இவ்வீடுகளில் தொலைவைக் காட்டிலும் சுவரே பெரும் பகை.

இன்றைய பெட்டிகள் பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் குறைவு. பின்னது விரைவு மிக்கது, ஆனால் சுவரில் எளிதில் தளர்ந்துவிடும். முன்னது மெதுவானதாயினும் சற்று ஊடுருவும். ஆகவே பெட்டி உள்ள அறையிலும் அதை அடுத்த திறந்த கூடத்திலும் 5ஐயும், சுவருக்கு அப்பால் 2.4ஐயும் நாடுவது நலம். 2.4 வரிசையில் அண்டை வீட்டார் பெட்டிகளும் குறுக்கிடுமாதலால் 1, 6, 11 என்னும் தடங்களுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

சுவரை மட்டும் பழிப்பதும் முறையன்று. இரும்புப் பீரோவின் பின்னால் பெட்டியை வைத்துவிட்டு இணையத்தைக் குறைகூறுவோர் பலர். உலோகம் அலையைத் திருப்பிவிடும். ஆளுயரக் கண்ணாடியின் பின்பூச்சும் அவ்வாறே செய்யும். நீர் அலையை விழுங்கும். எனவே மழைக்காலத்தில் ஈரம் ஊறிய சுண்ணாம்புச் சுவர், கோடையில் இருந்ததைவிடக் கடுமையாகத் தடுக்கும். மரக்கதவோ பெருந்தடையன்று. முற்றத்தின் மேலுள்ள அகன்ற இரும்புக் கம்பிகளின் இடைவெளியில் அலை ஓரளவு புகும். சன்னல்களில் அடிக்கும் நெருக்கமான உலோகக் கொசுவலையில் ஏறத்தாழ முற்றும் தடைப்படும். நைலான் வலையால் அத்தீங்கு இல்லை.

"இன்னும் ஆற்றல் மிக்க பெட்டி வாங்கினால் போதாதா?" என்பதே பலரும் கேட்கும் வினா. கடைக்காரரும் நான்கு கொம்புகள் உள்ள பெட்டியை எடுத்துக் காட்டுவார். ஆனால் இணையம் என்பது உரையாடல். பெட்டி உரக்கப் பேசினாலும் கைப்பேசி தன் சிறிய மின்கலத்தைக் கொண்டு மெல்லத்தான் மறுமொழி கூறும். திரையில் அடையாளக் கோடுகள் நிறைந்து தோன்றியும் வகுப்பு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே குரலை உயர்த்துவதைவிட அருகில் சென்று பேசுவதே வழி.

அருகில் கொண்டுசெல்ல முதல் வழி செலவற்றது. பெட்டியைத் தெருப்பக்க மூலையிலிருந்து எடுத்து, முற்றத்தை நோக்கிய தாழ்வாரத்தில், தலைக்கு மேற்பட்ட உயரத்தில், மழைச்சாரல் படாத இடத்தில் வைப்பது. காற்றையும் ஒளியையும் எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தளிக்கவே நம் முன்னோர் முற்றத்தை அமைத்தனர். அவ்வாயில்களின் வழியே அலையும் செல்லும். முற்றத்தைச் சுற்றிய அறைகளுக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

பின்கட்டுக்கு அது எட்டாவிடில் கம்பியையே நாட வேண்டும். கம்பியில்லா இணையத்திற்குக் கம்பியா என்று நகைக்கலாம். ஆனால் தடித்த சுவருக்கு ஏற்ற மருந்து அதுதான். ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை தளர்ச்சியின்றிச் செய்தியைக் கொண்டுசெல்லும். அதன் மறுமுனையில் இரண்டாவது பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதனை அணுகுமுனையாக மட்டும் இயங்குமாறு அமைத்து, முதற்பெட்டியின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்கும் இட்டு, தடத்தை மட்டும் வேறாக்கிவிட வேண்டும். செம்புக் கம்பியையே கேட்டு வாங்குக. செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும், பின்னர் வருத்தும். மின்சாரக் கம்பியோடு சேர்த்து ஓட்டலாகாது. கடற்காற்றில் முனைகள் அரிக்கப்படும் என்பதால் குழாய்க்குள் செலுத்துவது நன்று. சுண்ணாம்புச் சுவரை அதிர் துளைப்பானால் குடைந்து காரையைப் பெயர்த்துவிடாமல், கதவு நிலைக்கு மேலுள்ள காற்றுப்புழையையோ பழைய தொலைபேசிக் கம்பி சென்ற துளையையோ முதலில் தேடுக.

கம்பி ஓட்ட இயலாதபோது அலைபெருக்கியை வாங்குவோர் உண்டு. ஒரே அலைவரிசையில் கேட்டுத் திருப்பிச் சொல்லும் கருவியாயின் விரைவு ஏறத்தாழப் பாதியாகும். அலை இறந்த இடத்தில் அதை வைப்பவர்கள் இறந்ததையே பெருக்குகின்றனர்; அலை இன்னும் நன்றாக உள்ள பாதிவழியில்தான் அதற்கு இடம்.

எதைச் செய்யினும் அளந்து செய்க. அலைவலிமையை அளக்கும் செயலிகள் கைப்பேசிக்கு விலையின்றிக் கிடைக்கின்றன. வீட்டின் படத்தைத் தாளில் வரைந்து ஒவ்வோர் அறையிலும் கிடைக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வெண் எதிர்க்குறியுடன் வரும். -50 மிக நன்று. -67 வரை காணொளி வகுப்பிற்குப் போதும். -80 என்றால் பயனில்லை.

அம்மாணவியின் வீட்டில் தாளும் பேனாவுமாக ஒரு மாலைப்பொழுது நாங்கள் இவ்வாறே அலைந்தோம். பின்கட்டில் -84 இருந்தது. அவளுடைய தம்பி காற்றுப்புழைகளின் வழியே 30 மீட்டர் கம்பியை இழுத்தான். ஒரு செங்கல்லும் பெயரவில்லை. இரண்டாம் பெட்டியை மூதாட்டியாரின் அறைக்கு வெளியே மாட்டியபின் அவர் கட்டிலருகே -51 கிடைத்தது. மறுவாரம் சென்றபோது அப்பெட்டியின் மேல் ஒரு துப்பட்டி போர்த்தப்பட்டிருந்தது. இரவில் அதன் விளக்கு கண்ணை உறுத்துகிறதாம். பருத்தித் துணி அலையைத் தடுப்பதில்லை. ஆனால் பெட்டி சூடேறிவிடும். துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, விளக்கின் மீது மட்டும் ஒரு கறுப்பு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு வந்தேன்.