முதியோரும் அவரைப் பேணுவோரும்

உத்தியோகத்தை முன்னிட்டுச் சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா ஆகிய ஊர்களில் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில், இப்பொழுது பெற்றோரும் உடன் வசிக்கின்றனர். சொந்த ஊரில் திண்ணைக்குத் திண்ணை உறவினர் இருந்தனர். மருமகள் சற்று வெளியே சென்றால் பக்கத்து வீட்டு அத்தை வந்து அமர்வார். இங்கோ அத்தகைய துணை இல்லை. சித்தூரில் தமிழ் பேசுவோர் பலர் உண்டெனினும், அலுவலகப் படிவங்கள் தெலுங்கில் இருப்பதால் முதியவர் திகைத்து நிற்கிறார்.

நம் வீட்டில் நிகழ்ந்ததையே கூறுவோம். தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். நாமோ டிக்கெட் கொடுக்கும் இடத்தில் முறை மாற்றி வேலை பார்ப்பவர். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் வருமென்று மருத்துவர் எச்சரித்தார். இரவும் பகலும் அதனைச் செய்தவர் இல்லாள். ஓராண்டு சென்றபின் அவரே தலைசுற்றி அடுக்களையில் விழுந்தார். "அம்மா, இரவு முழுதும் உறங்கி எத்தனை நாளாயிற்று?" என்று மருத்துவர் வினவினார். அவர் விடை கூறவில்லை. நமக்கும் விடை தெரியவில்லை. தாயாருக்கு மருந்து தவறியதா என்று நாள்தோறும் கேட்ட நாம், இல்லாள் உண்டாரா என்று கேட்டதில்லை. அன்றுதான் இவ்விஷயத்தை ஆராயத் தலைப்பட்டோம்.

முதியோருக்கு உதவிகள் இல்லாமல் இல்லை. ஆந்திர அரசு, வயது 60 நிறைந்த வறியோருக்கு மாதந்தோறும் அளிக்கும் உபகாரச் சம்பளத்தை 2024-இல் ரூபாய் 4,000 ஆக உயர்த்தியது. கிராம, வார்டு செயலக ஊழியர்கள் அதனை வீட்டிற்கே கொணர்ந்து தருகின்றனர். பக்கவாதத்தால் முற்றிலும் படுத்துவிட்டவர்க்குரிய தொகை ரூபாய் 15,000. வயது 70 கடந்தோர், வருமானம் எவ்வளவாயினும், ஆண்டிற்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு பெறலாமென்று மத்திய அரசு 2024 அக்டோபரில் திட்டம் தொடங்கியது. 14567 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கட்டணமின்றிப் பேசி, முதியோர் ஆலோசனையும் உதவியும் கோரலாம். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய வாழ்நாள் சான்றிதழுக்காக நடக்க இயலாதவரைத் தூக்கிச் செல்ல வேண்டுவதில்லை. தபால்காரரே வீட்டிற்கு வந்து சிறு கட்டணத்தில் விரல் ரேகை பெற்று அனுப்பும் ஏற்பாடு உண்டு.

பெற்றோரைக் கைவிடுவோரைக் கண்டிக்க 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோட்ட வருவாய் அதிகாரி தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இன்றியே மனுக் கொடுக்கலாம். 90 நாட்களுக்குள் ஜீவனாம்சத்திற்கு வழி செய்யவேண்டுமென்பது விதி. தனிப்பட்ட காரணமிருப்பின் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். பேணுவதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கிப் பின் பேணாது விட்டால், அப்பத்திரத்தையே செல்லாததாக்கவும் இடமுண்டு. ஆகவே எழுதிக் கொடுப்போர், பேணவேண்டுமென்ற நிபந்தனையையும் பத்திரத்தில் சேர்த்துக்கொள்வது நலம்.

வைத்தியத்திற்குத் திருப்பதியில் 1993-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ விஞ்ஞானக் கழகம் உண்டு. சித்தூரார் காட்பாடி வழியே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் செல்வது வழக்கம். அங்கே முதியோர் மருத்துவத்திற்கெனத் தனித்துறையே இருக்கிறது. நம் இலாகாவைச் சார்ந்த ஒரு குறிப்பு: முதியோர்க்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆயினும் 60 வயதான ஆடவர்க்கும் 45 வயதான மகளிர்க்கும், இடமிருப்பின் கீழ்ப் படுக்கை தானாகவே ஒதுக்கப்படும். ஆதலின் முன்பதிவில் வயதைச் சரியாக எழுதுக.

இவையனைத்தும் முதியவருக்கே. அவரைப் பேணும் மருமகளுக்கோ மகளுக்கோ ஒரு நாள் ஓய்வளிக்கும் திட்டம் இவற்றுள் ஒன்றுமில்லை. பணம் வீடு தேடி வருகிறது. ஒரு பிற்பகல் உறக்கம் வருவதில்லை. இக்குறையைத் தீர்க்கவல்லவர் அக்கம்பக்கத்தாரே.

இது இயலாத காரியமன்று. கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, தீரா நோயாளர் வேதனை தணிக்கும் சங்கம் ஒன்று தொடங்கிற்று. நாளடைவில் ஆசிரியரும் வணிகரும் மாணவரும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் தத்தம் தெருவிலுள்ள நோயாளர் வீடுகளுக்குச் செல்லலாயினர். அது கேரளம் எங்கும் பரவியது. 2008-இல் அம்மாநில அரசே அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. தொண்டு செய்தவர் கோடீஸ்வரர் அல்லர், நம்மைப் போன்றோரே.

நம் சங்கமும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் தொடங்கலாம். படுக்கையில் முதியவர் உள்ள வீடுகள் எவை, வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கவல்லவர் யாவர், தெலுங்கில் படிவம் பூர்த்தி செய்யத் தெரிந்தவர் யாவர் என்று மூன்று பட்டியல்கள் போதும். சக்கர நாற்காலி ஒன்றும் தண்ணீர் மெத்தை ஒன்றும் சந்தாப் பணத்தில் வாங்கி, வேண்டியவர்க்கு முறையே இரவல் தரலாம். ஓய்வு பெற்ற அன்பர்கள் மாலையில் சென்று தமிழில் நாலு வார்த்தை பேசினாலே, மொழி புரியாத ஊரில் வாய்மூடிக் கிடக்கும் பெரியவர்க்கு அது பெரும் ஆறுதல்.

நம் தெருவில் தெலுங்கு பேசும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். இல்லாள் விழுந்த செய்தி கேட்டு வந்தவர், அது முதல் வியாழக்கிழமைதோறும் பிற்பகலில் தாயாரின் அருகே அமர்ந்திருக்கிறார். அவர் பேச்சு தாயாருக்குப் புரியாது. தாயார் பேச்சும் அவருக்குப் புரியாது. எனினும் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கின்றனர். உள்ளறையில் இல்லாள் உறங்குகிறார். அவ்வம்மையார் நமக்குச் செய்வதை நாம் ஒருவருக்கொருவர் செய்யலாகாதா? அன்பர்கள் சிந்திப்பார்களாக.