ஃப்யூஸ் இல்லாத ஒயரும் பசை இல்லாத டேப்பும்

பழைய அம்பாசடரைத் தூசு தட்டி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பெயின்டுக்குச் செலவழிப்பார்கள், அடுத்து சீட்டுக்கு. ஒயரிங் என்றதும் கை இறுகிவிடும். "தம்பி, மேலாப்புல நல்ல டேப்பா ரெண்டு சுத்து சுத்திக் கொடுத்துடுங்க, போதும்" என்பார்கள். வயதில் பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசச் சங்கடம்தான். ஆனாலும் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காரணம் அந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 தான் 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர் ஆனது. உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. பழைய மாடல்களின் ஒயரிங் லூக்காஸ் முறையில் வந்தது. அதில் நிறத்தைப் பார்த்தே ஒயரின் வேலையைச் சொல்லிவிடலாம். பிரவுன், பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் கரன்ட் இருக்கும். வெள்ளையில் சாவி போட்டால்தான் வரும். அதே வெள்ளை ஃப்யூஸைத் தாண்டியதும் பச்சையாகிறது: வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் அதில்தான். நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த்.

கவனிக்க வேண்டியது பிரவுனையும் வெள்ளையையும். இரண்டுக்கும் ஃப்யூஸ் கிடையாது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ்தான். பிரவுன் ஒயர் தோலுரிந்து பாடியில் பட்டால் தடுக்க ஆளில்லை. அந்த ஒரு ஒயர் பழுத்து, பக்கத்தில் இருக்கும் ஒயர்களின் தோலையும் உருக்கிவிடும். நிமிடக் கணக்கில் மொத்த ஒயர் கட்டும் போய்விடும். எனவே இந்த வண்டிகளில் மேல்சுற்று அழகுக்கானது அல்ல. ஃப்யூஸ் பார்க்க வேண்டிய காவலை அதுதான் பார்க்கிறது.

ஆரம்பத்தில் அரக்கு பூசிய பருத்தி நூலால் பின்னிய உறை இருந்தது. எண்ணெயும் ஈரமும் ஏறி அது மக்கிவிடும், தொட்டால் உதிரும். பின்னால் வந்தது பி.வி.சி. டேப். கம்பெனியில் சுற்றிய அந்த டேப்பில் பசையே இருக்காது என்பது பலருக்கும் தெரியாது. கடையில் வாங்குகிற கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எஞ்சின் பக்கம் சுற்றினால் சூட்டில் பசை இளகி வழியும், முனை பிரியும், மண் அப்பிக்கொள்ளும். அடுத்து யாராவது பிரித்தால் எது பச்சை, எது நீலம் என்றே தெரியாது. எனக்கு வரும் வண்டிகளில் பாதித் தலைவலி இந்த டேப்பால்தான்.

கட்டைக் கழற்றும் முன் போட்டோ எடுத்து, முனைக்கு முனை சீட்டு கட்டுங்கள். பழைய சுற்றைப் பிளேடால் கீறாமல் மொண்ணைக் கத்தரியால் வெட்டுங்கள். பிரிக்கப் பிரிக்க நூலால் அங்கங்கே கட்டிக்கொண்டே போனால் கிளைகள் இடம் மாறாது. துடைக்க சோப்புத் தண்ணீர் நனைத்த துணி போதும். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், தோல் கெட்டுவிடும்.

பிறகு முனைகள். ஹெட்லைட் ஒயரின் தோலை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் சரி. கறுத்திருந்தால் இன்னும் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு விழும். வெட்டிக்கொண்டே போயும் கறுப்புதான் என்றால் அந்த ஒயரையே மாற்றிவிடுங்கள், அதே நிறத்தில். 100/90 வாட் பல்பு போட்ட வண்டியென்றால் நீல ஒயர்களை நான் சந்தேகத்தோடுதான் தொடுவேன். இரண்டு ஹெட்லைட்டும் பிரைட்டில் எரிந்தால் 16 ஆம்பியருக்கு மேல். அவ்வளவும் பழைய சுவிட்ச் வழியாகப் போகிறது. அந்தப் பல்புதான் வேண்டும் என்றால் தடித்த ஒயரும் ரிலேவும் ஃப்யூஸும் சேர்த்தே போடுங்கள். அசல் கெட்டுவிடும் என்று முகம் சுளிப்பவர்களுக்குக் கண்ணில் படாத இடத்தில் மாட்டிக் கொடுக்கிறேன்.

சுற்றும்போது மெல்லிய கிளை முனையில் தொடங்கித் தடித்த கட்டை நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூடணும். செங்குத்தாக இறங்கும் பகுதியைக் கீழிருந்து மேலே சுற்றுங்கள். இறவாணத்திலிருந்து ஓடு வேய்கிற மாதிரி. அப்போதுதான் தண்ணீர் மடிப்புக்குள் புகாமல் வழிந்து ஓடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் துணி டேப் நல்லது, கடகட சத்தம் வராது. எஞ்சின் பக்கம் சூடு தாங்கும் பாலியஸ்டர் துணி டேப். தகரத்தைத் துளைத்துப் போகிற ஒவ்வொரு இடத்திலும் புது ரப்பர் வளையம், அதற்குள் கட்டுக்கு மேல் ஒரு ஸ்லீவ். எஞ்சினுக்குப் போகும் கிளையைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள், எஞ்சின் ஆடும்.

எல்லாம் மாட்டிய பிறகும் பேட்டரியை நேராகக் கொடுக்காதீர்கள். பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பைக் கோத்து, எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். பல்பு எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஓர் ஒயர் பாடியைத் தொடுகிறது. கிளை கிளையாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, அந்தக் கிளையின் சுற்றை மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.